சுருளி தன்னை அறிமுகம் செய்துகொண்டது

"என் பேரு சுருளி" என்று நாய்தான் சொன்னது, சொர்ணம் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்து, வெட்கத்தில் மூடி, மறுபடி திறப்பதற்குள், வட்டத்துக்கு நடுவே விரித்திருந்த சாக்கின் மேல் முன்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்த சுருளி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அவள் புருஷன் அவிநாசியப்பனின் குரலில், அவருக்கே உரிய லேசான கரகரப்போடும் வாக்கியத்தின் கடைசியை இழுத்து விடுகிற பழக்கத்தோடும், தன் பேர் சுருளி என்றும், வயசு நாலு என்றும், குரைக்க மாட்டேன் ஆனால் ரோசம் உண்டு என்றும் சொல்லிவிட்டு, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள், ஏனென்றால் அறிமுகம் முடிந்தால் கைதட்டுவது வழக்கம்; கைதட்டல் ஓய்ந்ததும் அடுத்த முறை ரெபேக்கா டீச்சருடையது என்பதால் அவள் தன் நாய் காங்கோவைக் கூட்டிக்கொண்டு நடுவுக்குப் போனாள். மண்டபத்தின் சொந்தக்காரரும் கூட்டத்தைக் கூட்டுகிறவருமான வெள்ளியங்கிரி மட்டும் சொர்ணத்தின் பக்கம் சாய்ந்து, "அண்ணன் வராத கொறையே தெரியலீங்க்கா" என்றார். சொர்ணம் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாய் அவள் காலடியில் சுருண்டு படுத்துப் பூனையைப் போலத் தன் பாதத்தை நக்கத் தொடங்கியது.

அவர்கள் பசெஞ்சிக்காரர்கள். பசெஞ்சி ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த நாய்ச் சாதி. செம்பழுப்பு உடம்பு, வெள்ளைக் கால், கேசரித் தட்டில் வைத்த முந்திரியைப் போல வளைந்து முதுகில் ஒட்டிய வால், எப்போதும் எதையோ யோசிப்பது போன்ற நெற்றிச் சுருக்கம். அது குரைக்காது. மிகவும் சந்தோஷம் வந்தாலோ மிகவும் துக்கம் வந்தாலோ ஊளைக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு இழுப்பு இழுக்கும், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் அதை வளர்க்கிறவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. அதனாலேயே அவர்கள் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் நாயை வாங்கி வைத்துக்கொள்வார், ஒரு வீட்டில் குட்டி போட்டால் எல்லார் வீட்டிலும் தூக்கம் போகும், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் துடியலூர் போகிற வழியில் இருக்கும் வெள்ளியங்கிரியின் கல்யாண மண்டபத்தில், வண்டி நிறுத்துமிடத்துப் புங்கமரத்தடியில் கூடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாயை அறிமுகம் செய்கிறவர் நாயாகவே பேச வேண்டும். 'இது என் நாய்' என்று ஆரம்பித்தால் ஓவென்று கத்தி உட்கார வைத்துவிடுவார்கள். 'நான்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வந்தவர் இருந்தால் பழைய நாய்களும் ஒன்று விடாமல் மறுபடி தங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் வந்த புருஷன் பெண்டாட்டிகள்கூட, எங்க வீட்டுல நேத்து யாரும் சாப்பிடலீங்க, எனக்கு மட்டும்தான் போட்டாங்க என்று நாயின் வாயால் ஊருக்குச் சொல்லிச் சமாதானமாகிப் போயிருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் அவிநாசியப்பனை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. அவர் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை வைத்திருந்தார். வாரம் பூராவும் செம்புக் கம்பியோடும் வார்னிஷ் நாற்றத்தோடும் வாயை மூடிக் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு பூசி, சுருளியாகிப் பேச ஆரம்பித்தால் மண்டபத்துச் சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நிற்பார்கள். நான் சுருளி, எங்க எசமானுக்குக் காது மந்தம், நான் குரைக்காதது அவருக்குத் தெரியவே தெரியாது என்பார். எசமானியம்மா வைக்கிற ரசத்தைக் குடிச்சுத்தான் என் வாலு இப்படிச் சுருண்டு போச்சு என்பார். சொர்ணம் ஒருநாளும் கூட்டத்துக்குப் போனதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் அடுப்படியில் இருந்தபடி, கூடத்தில் அவர் நாயைப் பார்த்து நாயின் பேச்சை ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். நாலு வருஷமாக, கூட்டம் தவறாமல், அவர் தன் குரலை அந்த நாய்க்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் கடையில் பாதிச் சுற்றிய காயிலோடு விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. டாக்டர் நல்லவர், சொற்கள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் அடைத்திருக்கிறது என்று சொன்னார். சொர்ணம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அது உண்மையாகவும் இருந்தது. மழை வருதுங்க என்றால் அவர் கண் கொடியில் கிடக்கும் துணிக்குப் போகும். சுருளி என்று கூப்பிட்டால் நாய் வருகிற வாசலைப் பார்ப்பார். அவள் வாயைத் துடைக்கப் போனால் ரோசத்தோடு இடது கையால் தட்டிவிட்டுத் தானே துடைத்துக்கொள்வார். தை பிறந்து, வெள்ளியங்கிரி வீடு தேடி வந்து, நாயை அடைத்து வைத்தால் ஏங்கிப் போகும், நீங்களாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னபோது, பக்கத்து வீட்டு அம்மாவை அவருக்குத் துணை வைத்துவிட்டுத்தான் அவள் முதல்முறையாக மண்டபத்துக்குப் போனாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பி, நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் எதுவும் சொல்லாமல் சங்கிலியை அவிழ்த்து விட்டபோது, நாய் ஓடிப் போய் அவர் மடியில் முன்காலை வைத்தது. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நம்ம சுருளிங்க என்றாள். அவர் அவளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், தெருவிலிருந்து தப்பி உள்ளே வந்துவிட்ட யார் வீட்டு நாயோ என்பது போல வாசலைக் காட்டினார். நாய் சிறிது நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்று, அப்புறம் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. அன்றைக்குச் சாப்பாடு ஊட்டி வாயைத் துடைத்தபோது அவர் அவள் கையைத் தட்டிவிடவில்லை. துடைத்து முடிகிறவரை குழந்தையைப் போல முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். அசதி என்று அவள் நினைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் சுருளி ஒரே ஒரு சொல் சொன்னது. செருப்பு என்றது. அந்தக் குரலில் அப்படியொரு சாதாரணச் சொல்லைக் கேட்டதில் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. டயர் கடை ஜாபர், "அண்ணன் கூட்டம் முடிஞ்சா மொதல்ல அதைத்தான தேடுவாரு, எங்க பேகம் கடிச்சுத் தின்னது ஒண்ணா ரெண்டா" என்று தன் நாயின் தலையைத் தட்டினார். மறுநாள் காலையில் சொர்ணம் அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்து செருப்பைக் காலருகில் போட்டாள். அவர் குனிந்து, இடது கையால் ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்பது போல அவளிடம் நீட்டினார்.

மாசியின் கடைசியில் அது மழை என்றது. பங்குனியில் கோடை மழை ஒன்று பெய்தபோது அவிநாசியப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வானத்திலிருந்து ஏதோ விழுகிறது என்று அவளுக்குக் காட்டி, வியப்பில் வாய் பிளந்து, அது நிற்கிறவரை நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. நாய் சொல்கிற சொல் அவரிடமிருந்து எடுத்தது. எடுத்ததைத் திருப்பி வைப்பதில்லை. சொல் போனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த பொருளும் அவருக்குப் போய்விடுகிறது.

மண்டபத்தில் இது யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுருளி சொன்ன சொல்லை மறுபடி சொல்வதில்லை என்பதுதான்; அதை ரெபேக்கா டீச்சர் கண்டுபிடித்துச் சொன்னபோது, சொன்னதையே சொல்லி அறுக்கிற மனுஷர்களுக்கு நடுவில் இப்படி ஒரு ஜீவன் இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டார்கள். வேறு கவலைகள் அவர்களுக்கு இருந்தன. பேசுகிற பசெஞ்சி பசெஞ்சிதானா என்று ஒரு கேள்வி எழுந்து, கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒரு ஞாயிறு டீ கூடக் குடிக்காமல் கலைந்தது. நாய்க் கண்காட்சிகளில் மதிப்பெண் போடுகிற ஒரு பெரியவரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார்கள். அவர் சுருளியின் பல்லைப் பார்த்தார், வாலை இழுத்து விட்டுப் பார்த்தார், அது மேஜையில் நின்றபடி போல்ட்டு என்று சொல்லியதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார், கேட்டுவிட்டு, குரைக்கவில்லை அல்லவா, அதுவரைக்கும் சரி என்று தீர்ப்புச் சொல்லி மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். ஒரு டிவிக்காரர் வந்து படம் பிடித்துப் போனார். போட்டுப் பார்த்தால் வழக்கமான இழுப்புத்தான் கேட்டது, நேரில் கேட்டவர்களுக்கு மட்டுமே அது அவிநாசியப்பன். அவர் அப்புறம் வரவில்லை, அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்டபத்தில் நாதஸ்வரம் இருக்கும், மைக் இருக்கும், சண்டை இருக்கும். நாய் பேசுவதும் அந்தச் சத்தங்களில் ஒன்றாகச் சேர்ந்துபோயிற்று.

சேராமல் போனது ஒன்றுதான். எல்லார் வீட்டிலும் ஒரு குரல் போய்க்கொண்டிருந்தது, போவதற்குள் அதைத் தங்கள் நாய்க்குள் இறக்கி வைத்துவிடப் பார்த்தார்கள். ஜாபர் தன் அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்து, பேகத்தை மடியில் வைத்து, நான் பேகம்னு சொல்லும்மா, சத்தமாச் சொல்லும்மா என்று பேச வைத்தார். அந்தம்மா நாயைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும் என்று அழுதுகொண்டே சொன்னாள். ரெபேக்காவின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தொண்டையில் கட்டி, அறுத்தால் குரல் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அவரைச் சித்திரை வெயிலில் குடை பிடித்து உட்கார வைத்து, நான் காங்கோ, என் தகப்பன் பேர் இன்னது, எனக்கு ஈரல் பிடிக்கும் என்று வாரா வாரம் சொல்ல வைத்தாள். அவர் பாடம் நடத்துகிற குரலில், நிறுத்தி நிறுத்தி, நாய்க்குப் புரிகிற மாதிரி சொன்னார். குட்டி கேட்டு வெளியூரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாய் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, எங்க அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று கேட்டார்கள். தலைமையாசிரியருக்கு அறுவை முடிந்தது. கழுத்தில் துணி சுற்றி அவரைக் கூட்டத்துக்குக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்கார வைத்து, காங்கோவை நடுவில் நிறுத்தி, எல்லாரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். அது அவரைப் பார்த்தது, வாலை ஒருதரம் அவிழ்த்துச் சுருட்டியது, பாதத்தை நக்க ஆரம்பித்தது. அப்படியே நக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வெள்ளியங்கிரிதான் எழுந்து கைதட்டி அதை முடித்து வைத்தார்.

அன்று ரெபேக்கா சொர்ணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுருளியின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்குக்கா. போன மனுசன் கொரலு வாரா வாரம் வந்து நிக்குது."

"போகலியே டீச்சர்" என்றாள் சொர்ணம். "வீட்டுலதான இருக்காரு."

"அதைத்தான் சொல்றேன். அவரும் இருக்காரு, கொரலும் இருக்கு."

சொர்ணம் அப்போதே சொல்லியிருக்கலாம். இது கொடுப்பினை இல்லை டீச்சர், பிடுங்குகிறது என்று சொல்லியிருந்தால் அவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, அக்கா, இனிமேல் நாயைக் கூட்டிவராதீங்க என்று கட்டளை போட்டிருப்பார்கள். அதற்குப் பயந்துதான் அவள் சொல்லவில்லை. அந்தக் குரல் வேறு எங்கும் கிடைக்காது. வீட்டில் சுருளி பேசுவதில்லை. அவள் அடுப்படியில் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒருக்கா சொல்லு, சும்மா ஏதாவது சொல்லு என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறாள், அது கறித் துண்டைப் பார்த்தது. மற்ற பசெஞ்சிகள் சுற்றி இருக்க வேண்டும், நாற்காலிகள் வட்டமாக இருக்க வேண்டும், யாராவது அடுத்தது சுருளி என்று கூப்பிட வேண்டும். அப்போதுதான் அது நெற்றியைச் சுருக்கும். அந்தச் சுருக்கம் விழும்போது அவள் பயத்தில் சங்கிலியை இழுக்கப் போவாள், ஆசையில் பிடியைத் தளர்த்துவாள்.

ஏனென்றால் அவள் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், அந்த ஒரு சொல்தான் வந்துவிடக் கூடாது என்றும் இருந்தாள். அவர் அவளை நாலு பேர் முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. வெளியில் போனால் இந்தா, வா என்பதோடு சரி. வீட்டுக்குள், யாரும் இல்லாதபோது மட்டும், சொர்ணா என்பார்; கூடத்திலிருந்து அடுப்படிக்குக் கேட்கிற அளவு சத்தத்தில், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கூப்பிட்டதற்குக் காரணம் ஒன்றும் இருக்காது. ஐப்பசியோடு அது நின்றுபோயிற்று. அதை மறுபடி ஒருதரம் காதால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அவரிடமிருந்து அது போய்விடும், அதோடு அவளும் போய்விடுவாள். ஆகவே ஒவ்வொரு கூட்டம் முடிந்து வந்ததும் அவள் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தன் பேரைத் தானே, கூச்சத்தோடு, தணிந்த குரலில் சொல்லிப் பார்ப்பாள். சொர்ணா. அவர் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்ப்பார். இடது பக்க உதடு கொஞ்சம் மேலே போகும். இன்றைக்கு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போவாள்.

வைகாசியில் அது தண்ணி என்று சொன்னது.

சொன்னதும் அவள் சங்கிலியை இழுத்தாள், வாயைப் பொத்தப் போவது போலக் கையை நீட்டினாள். கூட்டம் சிரித்தது. தண்ணி கேக்குதுங்க்கா, வெயிலுக்கு என்று ஒருவர் கிண்ணத்தை நகர்த்தினார். வீட்டுக்கு வந்து டம்ளரில் மொண்டு கொடுத்தபோது, அவிநாசியப்பன் உள்ளே அசைகிற அதைப் பார்த்துப் பயந்து முகத்தைத் திருப்பினார். அவள் முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். தொண்டையில் விரலை வைத்து எப்படி இறங்குகிறது என்று காட்டினாள். அவர் அவளைப் போலவே செய்தார். அடுத்த வேளைக்கு அது மறந்திருந்தது, மறுபடி குடித்துக் காட்டினாள். அன்றிலிருந்து அவர் குடிக்கிற ஒவ்வொரு வாய்க்கும் அவள் ஒரு வாய் குடித்தாள், தாகம் இல்லாமலே, அவர் கண் முன்னால், சிரித்த முகமாக.

கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினாள். வெள்ளியங்கிரி போன் செய்தபோது நாய்க்கு வயிறு சரியில்லை என்றாள், அவருக்குச் சளி என்றாள். வீட்டில் குரைக்காத நாயும் பேசாத புருஷனும் அவளும் இருந்தார்கள். குக்கர் விசில் வந்தால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனி முழுக்க அப்படிப் பொறுத்திருந்தவள், ஆடியில் மண்டபங்கள் எல்லாம் காலியாகக் கிடக்கிற மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றுக்கும் உதவாத சொல்லாக வந்துவிடட்டும் சாமி என்று மருதமலை இருக்கும் திக்குக்கும் பட்டீஸ்வரர் இருக்கும் திக்குக்கும் கும்பிட்டுவிட்டு, சுருளியைக் கூட்டிக்கொண்டு போனாள். அது நடுவில் உட்கார்ந்து, நெற்றியைச் சுருக்கி, வெகுநேரம் யோசித்து, கெப்பாசிட்டர் என்றது. சொர்ணம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடை பூட்டிக் கிடந்தது, கெப்பாசிட்டர் யாருக்கு வேண்டும். அந்த ஏழு எழுத்தை, அந்தக் கரகரப்பை, அந்த இழுப்பை, பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டு வந்தாள்.

வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தாள். தாகமாக இருக்கும் என்று தண்ணீர் கொடுத்திருக்கிறாள். குடித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, சொர்ணம் சொல்லியிருக்கவும் இல்லை. அவர் அதை மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டார். இருமல் நிற்கவில்லை. மறுநாள் காய்ச்சல் வந்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நாயை வெள்ளியங்கிரிதான் வந்து கூட்டிப் போனார். அதுதான் அவர்கள் வழக்கம். அவர் வீட்டில் ஏற்கெனவே மூன்று பசெஞ்சிகள் இருந்தன. சொர்ணம் வாசல்வரை வந்து, சங்கிலியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, அதைப் பேச மட்டும் விட்டுடாதீங்க தம்பி என்றாள். ஏனுங்க்கா என்று கேட்டதற்கு, தொண்டை புண்ணா இருக்குது என்றாள். ஒரு வார்த்தை பேச விட மாட்டேன், தேனும் மிளகும் போட்டுக் கொடுக்கிறேன் என்று அவர் சத்தியம் போலச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே தினமும் தேனும் மிளகும் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை சரியாக இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உடம்பு துடைக்க, திருப்பிப் படுக்க வைக்க, மூக்கில் போன குழாயைப் பிடுங்கிவிடாமல் இடது கையைப் பிடித்துக்கொள்ள. நாற்காலி இல்லாத அறை அது. கட்டிலின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, நர்ஸ் வராத நேரம் பார்த்து, குனிந்து காதருகில் சொர்ணா என்பாள். காய்ச்சலிலும் அவர் கண் திறந்து அவளைத் தேடும், உதடு மேலே போகும். வேறெல்லாம் போனாலும் இது இருக்கும் என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள். காய்ச்சல் இறங்கியது. குழாயை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளன்று மத்தியானம், விடியற்காலையிலிருந்து அசந்து தூங்குகிறவரை அப்படியே விட்டுவிட்டு, கீழே மருந்து வாங்கப் போய்த் திரும்பும்போது, மாடிப்படியில் வெள்ளியங்கிரி ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு ஏறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நின்றார். நல்ல சேதி கொண்டுவந்தவரின் முகம் அது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றார். "காத்தால ஈரோட்டுலருந்து ஒருத்தர் குட்டி கேட்டு வந்தாருங்க. புது ஆளு வந்தா எல்லாரும் சொல்லிக்கணுமில்லீங்க, பழக்கம், நாற்காலிய வட்டமாப் போட்டு, நாலையும் உக்கார வெச்சு ஒண்ணொண்ணாக் கூப்புட்டேன். சுருளி பேரையும் வாய் தவறிக் கூப்புட்டுட்டேன்."

சொர்ணம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"தொண்டையெல்லாம் நல்லா ஆயிருச்சுங்க்கா, சுத்தமா இருந்துச்சு" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "என்ன சொல்லுச்சுன்னு கேளுங்க. சொர்ணான்னு சொல்லுச்சு. எங்களுக்கே தெரியாதுங்க அண்ணன் உங்கள அப்படிக் கூப்புடுவாருன்னு. எங்க வீட்டுல அழுதே போட்டா. இத்தனையும் போயும் உங்க பேர உள்ளுக்குள்ள பத்திரமா வெச்சிருந்திருக்காரு பாருங்க மனுசன்."

கீழேயிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது, இருவரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அது போன பிறகும் அவள் சுவரோடு ஒட்டியே நின்றாள். "எப்படிச் சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

"எப்படின்னாங்க்கா?"

"மெதுவாவா, சத்தமாவா?"

அவர் யோசித்தார். சொல்லிக் காட்ட வாயைத் திறந்து, அண்ணன் கொரலுக்கு நான் எங்கீங்க போவேன் என்று மூடிக்கொண்டார். பிறகு, "கூடத்துல உக்காந்துக்கிட்டு, அடுப்படியில இருக்கறவங்கள கூப்புடற மாதிரிங்க" என்றார்.

கடைசியில் இழுத்துச்சா என்று அவள் கேட்டாள். கொஞ்சம் இழுத்துச்சுங்க என்றார்.

அறை மாடியின் கடைக்கோடியில் இருந்தது. அவள் அவரை முன்னால் போகச் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று மருந்துச் சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். உள்ளே வெள்ளியங்கிரி, அண்ணோவ், வீட்டுக்குப் போலாமுன்னு சொல்லிட்டாங்களாமா என்று பெரிய குரலில் பேசுவது கேட்டது. அப்புறம் அவளும் போனாள்.

அவிநாசியப்பன் விழித்துத் தலையணையில் சாய்ந்திருந்தார். காய்ச்சல் விட்ட முகம் தெளிவாக இருந்தது. வெள்ளியங்கிரியைப் பார்த்த அதே மரியாதையோடு அவளையும் பார்த்தார். இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், உட்கார இடமில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இடது கையால் போர்வையை இழுத்து, நன்றாக இருக்கிற காலை மடக்கி, மடங்காத காலைக் கையால் பிடித்துச் சிரமப்பட்டு நகர்த்தி, கட்டிலின் ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டார்.

வெள்ளியங்கிரி ஜன்னலோரம் குனிந்து சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார். சொர்ணம் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள்.